‘எல்லாம் அப்பிடியே ஓடும்’ என்றார்கள், 385,000 ரூபா போய்விட்டது: சேர்வர் மாற்றப்போகும் திருமலைக் கடைக்காரர்கள் கவனம்

பில், ஸ்டொக், கணக்கு மூன்றையும் ஒரே மென்பொருளில் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். 385,000 ரூபா கொடுத்துப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு, 19 நாள் ஒரு பேக்கப் கூட விழாமல் எங்கள் கடை ஓடியிருக்கிறது. அந்த 19 நாளில் டிஸ்க் போயிருந்தால் மூன்று கடையின் கடன் கணக்கும் அதோடு போயிருக்கும்.

திருமலை (திருகோணமலை) டவுனில் தலைமைக் கடை, மூதூரிலும் கிண்ணியாவிலும் கிளை. வலை, கயிறு, படகு இஞ்சின் உதிரிப்பாக வியாபாரம். பழைய சேர்வரில் இருந்தது எஸ்கியூஎல் சேர்வர் 2014 (பில், ஸ்டொக், கணக்குத் தகவலை டேட்டாபேஸாகச் சேமித்து வைக்கும் மைக்ரோசொஃப்ட் மென்பொருள்), அதில் ஸ்டாண்டர்ட் எடிஷன், அதாவது காசு கொடுத்து வாங்கும் வகை. இரவு 10.30க்கு அதிலுள்ள ‘ஏஜென்ட்’ தானாக பேக்கப் எடுத்து, சுருக்கி, வெளி டிஸ்க்கில் போட்டு, முடிந்ததென்று மின்னஞ்சலும் அனுப்பும். விலை மாறினால் ரெப்ளிகேஷன் (ஒரு சேர்வரின் தகவலை மற்றச் சேர்வர்களுக்குத் தானாக அனுப்பும் வசதி) வழியாக இரண்டு கிளைக்கும் போகும்.

கொழும்பில் இருந்து வந்த மென்பொருள் முகவர் சொன்ன காரணம் பொய்யில்லை. எஸ்கியூஎல் 2014க்கு மைக்ரோசொஃப்ட்டின் ஆதரவு 2024 ஜூலை 9ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பும் 2019 கேட்கிறது. அதனால் மாற்றத்தான் வேண்டும். நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: பேக்கப், கிளைத் தொடர்பு, டேட்டாபேஸை நாங்கள் திறந்து பார்க்கிற டூலான மனேஜ்மென்ட் ஸ்டூடியோ, இவை புதியதோடு ஒத்துப்போகுமா? சரிவராவிட்டால் பழையதுக்குத் திரும்பலாமா?

முகவரின் ஆளாக வந்த தம்பி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். டேட்டாபேஸின் ‘கொம்பாட்டிபிலிட்டி லெவல்’ என்ற இடத்தில் 120 என்று இருந்தது. “பாருங்க அண்ணா, 120 எண்டா 2014 தான். புது சேர்வரிலயும் இது அப்பிடியே நிக்கும். எப்ப வேணுமெண்டாலும் பழசுக்குப் போகலாம். டூல் எல்லாம் அப்பிடியே ஓடும், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க.”

அந்த 120ஐப் பார்த்துத்தான் காசைக் கொடுத்தோம்.

அந்த எண் சொல்வது, மென்பொருள் டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளைகளை எந்தப் பதிப்பின் முறையில் இயக்குவது என்பதை மட்டும். டேட்டாபேஸ் கோப்புக்குள் வேறொரு பதிப்பு எண் இருக்கிறது. 2014இல் அது 782, 2019இல் 904. புதிய சேர்வரில் ஏற்றிய நிமிடமே அது 904 ஆகிவிடும், பிறகு இறங்காது. லெவல் 120இலேயே நிற்கும், ஆனால் அந்தக் கோப்பைப் பழைய சேர்வர் திறக்காது. திரும்பிப்போகப் பார்த்தபோது பழைய சேர்வர் 3169 என்ற பிழையைத் தந்தது: பேக்கப் பதிப்பு 15இல் (அதாவது 2019) எடுத்தது, இது பதிப்பு 12 (அதாவது 2014), ஒத்துவராது. மாற்றத்துக்கு முதல்நாள் எடுத்த பேக்கப் பழைய சேர்வரில் ஏறும்தான். ஏற்றினால் 19 நாள் வியாபாரத்தைத் திரும்பத் தட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று எடிஷனில். விலைப்பட்டியலில் ‘எஸ்கியூஎல் சேர்வர் 2019, நிறுவி இயக்கித் தருதல்: 120,000’ என்று ஒரு வரி. எடிஷன் எழுதவில்லை. போட்டது எக்ஸ்பிரஸ். இணையத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பதிப்பு அது! அதில் ஏஜென்ட் கிடையாது, ஆகவே இரவு பேக்கப் இல்லை. மின்னஞ்சல் வசதியும் இல்லை, ஆகவே பேக்கப் விழவில்லை என்ற தகவலும் வராது. ரெப்ளிகேஷனில் எக்ஸ்பிரஸால் வாங்க மட்டும்தான் முடியும், அனுப்ப முடியாது. ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. எங்களுடையது இப்போதே 8.6.

விஷயம் வெளியே வந்தது கிண்ணியாவில். விலை ஏறிய நைலோன் வலையைப் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று தேடிப்போய் வெளி டிஸ்க்கைத் திறந்தால், பேக்கப் ஃபோல்டரில் கடைசிக் கோப்பு சேர்வர் மாற்றுவதற்கு முதல்நாள் இரவு 10.30க்கு விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

முகவருக்குப் போன் எடுத்தோம். முதல் நாள்: “டிக்கெட் போடுங்க.” அதாவது முறைப்பாட்டைப் பதியச் சொன்னார்கள், போட்டோம். மூன்றாம் நாள்: “உங்கட நெட்வேர்க் பிரச்சினை.” பழைய மனேஜ்மென்ட் ஸ்டூடியோ 2014 புதிய சேர்வரில் கிளிக் பண்ணும் இடமெல்லாம் ‘இன்டெக்ஸ் வோஸ் அவுட்சைட் த பவுண்ட்ஸ் ஒஃப் த அரே’ என்று விழுகிறது. பழைய டூல் புதிய சேர்வரைப் பார்க்கும்போது வருகிற பிழை அது, நெட்வேர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டூடியோ 20ஐப் போட்டால் சான்றிதழ் நம்பகமில்லை என்று இணைய மறுக்கிறது, ஏனென்றால் அந்தப் பதிப்பு மறையாக்கத்தைக் கட்டாயமாக்கித்தான் வருகிறது. கடைக்குள் இருக்கும் நெட்வேர்க்கில் ‘ட்ரஸ்ட் சேர்வர் சேர்ட்டிஃபிகேட்’ என்ற கட்டத்தில் சரி போட்டால் இணைந்துவிடும். இதைக்கூட அவர்கள் சொல்லவில்லை. ஐந்தாம் நாள்: “அந்தத் தம்பி இப்ப எங்களிட்ட வேலையில இல்ல.” எட்டாம் நாள்: “ஸ்டாண்டர்ட் வேணுமெண்டா லைசன்ஸ் காசு தனி.” 385,000 வாங்கும்போது அந்தத் ‘தனி’ எங்கே போனது? அதன் பிறகு வட்சப்பில் இரண்டு நீலச் சரி விழுகிறது, பதில் இல்லை.

இப்போதைக்கு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாக ஓட்டும் வசதி) எஸ்கியூஎல்சிஎம்டி என்ற, சேர்வருக்குக் கட்டளை அனுப்பும் டூலைப் போட்டு இரவு பேக்கப் எடுக்கிறோம். எக்ஸ்பிரஸில் மாட்டிக்கொண்டவர்களும் இதைச் செய்யலாம். பழைய கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள், எக்ஸ்பிரஸ் பேக்கப்பைச் சுருக்காது, 1844 என்ற பிழையோடு நின்றுவிடும். ‘கொம்ப்ரெஷன்’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். கோப்பு பல மடங்கு பெரிதாகும், டிஸ்க்கில் இடம் பாருங்கள்.

விபரமாக எழுதத்தான் நினைத்தோம், நேரம் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

விலைப்பட்டியலில் பதிப்பும் எடிஷனும் எழுத்தில் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் ‘செலக்ட் @@வேர்ஷன்’ என்று ஒரு வரி ஓட்டுங்கள், எடிஷன் பெயர் அதில் வரும். அதைப் பார்க்காமல் மிச்சக் காசைக் கொடுக்க வேண்டாம்.

பேக்கப், கிளைத் தொடர்பு, அறிக்கை, எக்செல் இணைப்பு என்று சேர்வரைத் தொடுகிற ஒவ்வொரு டூலின் பெயரையும் பதிப்பையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஒத்துப்போகும்’ என்று முகவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எக்செல் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் எழுதுங்கள், எக்செலை டேட்டாபேஸோடு சேர்க்கும் ஓடிபிசி இணைப்பு அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

முதலில் வேறொரு கொம்பியூட்டரில் நேற்றைய பேக்கப்பை ஏற்றி, ஒரு வாரமாவது எல்லா டூலையும் ஓட்டிப் பாருங்கள். பழைய சேர்வரை அழிக்க விடாதீர்கள்.

385,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் போகிறது. கிண்ணியாவில் பழைய விலைக்குப் போன பில்கள் இன்னும் மேசையில் கிடக்கின்றன, அவற்றைப் பிரிக்க வேண்டும்.