மல்லிகைச் சரத்தை வெட்டாமல் பின்னணியை நீக்குவது: கிம்ப்பில் ஏழு வருட அனுபவம்

கல்யாண ஆல்பம், பிளக்ஸ், பாஸ்போர்ட் படம் என்று எங்கள் ஸ்டூடியோவுக்கு வரும் வேலையில் பாதி, ஆளை வெட்டி எடுத்து வேறு பின்னணியில் வைப்பதுதான். 2018-இல் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளின் 2.10 பதிப்பு வந்தது முதல் அதில்தான் செய்கிறேன். காசு கொடுக்க வேண்டாம் என்பதால் பிடித்தது, இன்றுவரை விடவில்லை.

ஒரே நிறச் சுவர் என்றால், தொட்ட இடத்தின் நிறத்தை ஒட்டிய பகுதியைத் தேர்ந்தெடுக்கும் ஃபஸ்ஸி செலக்ட் போதும். படத்தில் வெற்று இடத்தை அனுமதிக்கும் ஆல்ஃபா சேனலை முதலில் சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் அழித்த இடத்தில் வெள்ளை நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தோள், வேட்டிக் கரைக்கெல்லாம், புள்ளி வைத்து விளிம்பை வரையும் பாத் டூல்.

சிரமம் முழுக்கத் தலையில்தான். மணப்பெண்ணின் பின்னலில் மல்லிகைச் சரம், பின்னால் சந்தன நிறச் சுவர். பூ எது, சுவர் எது என்று செலக்ட் டூல்கள் தடுமாறும். படத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியாகக் காட்டும் சேனல்களில் ப்ளூ சேனலை மட்டும் திறந்து பாருங்கள்: மஞ்சள் கலந்த சுவர் மங்கிப்போய், பூ பளிச்சென்று நிற்கும். ரெட் சேனலில் சுவர் வெளுத்து, முடி கறுப்பாகத் தெரியும். ப்ளூவை நகலெடுத்து, வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்யும் லெவல்ஸில் இறுக்கினால் பூவுக்கு மாஸ்க், அதாவது எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று காட்டும் கறுப்பு-வெள்ளைப் படம். ரெட்டை நகலெடுத்துத் தலைகீழாக்கினால் முடிக்கு மாஸ்க். காதோரம் பறக்கிற ஒற்றை முடிகூட அப்படியே கிடைக்கும்.

முதல் வருடம் எரேசரால் அழித்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் ஜிமிக்கியின் கடைசி முத்தும் சேர்ந்து போனதைக் கவனிக்காமல் சேமித்துவிட்டேன். ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அம்மா, "முத்து எங்கே தம்பி? எங்கம்மா போட்ட ஜிமிக்கி இது" என்றார். மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து படத்தின் அடுக்கை (லேயரை) அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க்தான். கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும்.

அப்புறம், வெட்டி முடித்ததும் அடியில் அரக்கு நிற லேயர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வெற்று இடத்தைக் காட்டும் சதுரக் கட்டங்களுக்கு மேல் கண்ணுக்குத் தப்பிய வெளிறிய விளிம்பு அதில் கோடாகத் தெரியும். செலக்‌ஷனை ஒரு பிக்சல் சுருக்கினால் பெரும்பாலும் போய்விடும். கொடுக்கும்போது பிஎன்ஜி கோப்பாகக் கொடுங்கள்; ஜேபெக்கில் வெற்றுப் பின்னணி நிற்காது.

நூறு ஐடி கார்டு படங்கள் ஒரே நாளில் வேண்டுமென்றால் ஆளைத் தானே தேர்ந்தெடுக்கும் போட்டோஷாப்பின் செலக்ட் சப்ஜெக்ட்தான் வேகம், அதில் சந்தேகமில்லை. கல்யாணப் படத்துக்கு நான் கிம்ப்பை விட மாட்டேன். 2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தபின், வெட்டிய ஆளுக்குப் போட்ட நிழலை மறுநாள் கோப்பைத் திறந்தும் நகர்த்த முடிகிறது. முன்பெல்லாம் அதற்காக நிழல் லேயரையே தூக்கிவிட்டு முதலிலிருந்து போடுவேன்.