டி-55 டாங்கி: 1/35 கட்டலாமா, 1/72 கட்டலாமா?

ஒரே டாங்கியின் குட்டி மாடலை இரண்டு அளவில் கட்டி முடித்திருக்கிறேன். 1971 போரில் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஓட்டிய டி-55. காங்கேயத்தில் இருக்கும் அவருக்குக் கொடுக்கலாம் என்று முதலில் 1/72 கிட்தான் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்கள் உள்ள பெட்டி) வாங்கினேன். முடித்துக் கையில் வைத்ததும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நல்லாருக்குது சாமி, ஆனா நான் உக்காந்த இடம் எங்கீன்னே தெரியலையே" என்றார். அதன் பிறகுதான் 1/35 வாங்கினேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களிடம் "சின்னதில் தொடங்கு, அதுதான் சுலபம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் டாங்கி 1/35-ஆக இருக்கட்டும்.

அளவு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். 1/72 என்பது ஆறடி ஆளை ஓர் அங்குலத்தில் அடக்கும் கணக்கு. விமான மாடல்களிலிருந்து வந்தது. 1/35 வந்த வழி வேறு. ஜப்பானின் டாமியா 1961-இல் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலை வடிவமைத்ததில் அமைந்த அளவு இது. இன்று ராணுவ வண்டிகளுக்கு இதுதான் பொது அளவு. டி-55 பீரங்கிக் குழல் முனை வரை சுமார் 9 மீட்டர். 1/35-இல் அது ஏறக்குறைய 26 செ.மீ., 1/72-இல் பன்னிரண்டரை செ.மீ. நீளம் இரண்டு மடங்குதானே என்று நினைத்துவிடக் கூடாது. வண்ணம் பூச வேண்டிய பரப்பு நாலு மடங்கு.

சக்கரத்தில்தான் வித்தியாசம் கைக்கே தெரியும். டி-55-இல் பக்கத்துக்கு ஐந்து சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டை. முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், அதை வைத்தே தூரத்திலிருந்து இந்த டாங்கியைச் சொல்லிவிடலாம். நிஜத்தில் 81 செ.மீ. விட்டம். 1/35-இல் 23 மி.மீ., ஏறக்குறைய நம் ஒரு ரூபாய்க் காசு அளவு. பல்குத்தும் குச்சியில் சொருகி, தூரிகையை அசைக்காமல் சக்கரத்தை மட்டும் சுற்றினால் ரப்பர் விளிம்பு கறுப்பாக, சுத்தமாக விழும். 1/72-இல் அதே சக்கரம் 11 மி.மீ. தூரிகை முடி ஒன்று பிசகினாலும் பச்சை மேல் கறுப்பு ஏறிவிடும். இதை இருபது முறை செய்ய வேண்டும். முதல் கிட்டைப் பாதியில் மூட்டை கட்டி வைக்கிறவர்கள் இந்த மாதிரி இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

குழலிலும் அதே கதை. 100 மி.மீ. துளை 1/35-இல் 3 மி.மீ. கிட்ட வரும், 1/72-இல் ஒன்றரை மி.மீ. கூட இல்லை. குழல் இரண்டு பாதியாக வரும் கிட் என்றால் ஒட்டிய கோட்டை உப்புத்தாளால் தேய்த்து மறைக்க வேண்டும். சின்ன குழலை ரொம்பத் தேய்த்தால் உருண்டை போய்த் தட்டையாகிவிடுகிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1971 வண்டி கட்டுகிறீர்கள் என்றால் குழலில் புகை வாங்கும் உருளை முனையிலேயே இருக்க வேண்டும். நடுவில் உருளை உள்ள 105 மி.மீ. குழல் நம் ராணுவ டி-55-களில் பின்னாளில் மாற்றியது.

செயின் விஷயத்தில் அப்புச்சியே எனக்கு வாத்தியார். டி-55-இல் செயினை மேலே தாங்கும் குட்டி உருளைகள் கிடையாது. என் 1/35 கிட்டில் வந்தது ரப்பர் பெல்ட் மாதிரியான செயின். மாட்டியதும் நேர்கோடாக விறைத்து நின்றது. அப்புச்சி விரலால் அழுத்திக் காட்டினார்: "இப்புடி நிக்காது சாமி. சக்கரத்து மேல படுத்துக்கும்." பிரித்து, சக்கரத்தின் மேற்புறம் ஒவ்வொன்றாகப் பசை வைத்து, பஞ்சுத் துண்டு அடைத்து ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். படுத்தது. 1/72-இல் அதையே செய்யப் பார்த்தேன். பசை பிடிக்கும் முன் பெல்ட் எழும்பி முன்சக்கரத்தையே பிடுங்கிவிட்டது.

வண்ணத்தில் மட்டும் 1/72-க்குத்தான் வெற்றி. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையாலேயே மூன்று மெல்லிய பூச்சாகப் பூசிவிடலாம். பெரியதின் கோபுரத்தில் (குழல் பொருந்திய, சுழலும் மேல்பகுதி) தூரிகைக் கோடு தெரியும், ஸ்ப்ரே இருந்தால் நல்லது. ஆனால் ஆடி மாதம் பல்லடம், காங்கேயம் பக்கம் அடிக்கிற காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து ஸ்ப்ரே செய்யவே முடியாது, ஈர வண்ணத்தில் புழுதி படிந்துவிடும். ஐப்பசி மழையில் தின்னர் கலந்த வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். பெரியதுக்கு மாசி, பங்குனியில் காலை நேரம் பாருங்கள்.

டாங்கியின் மேல் மாட்டியிருக்கும் இழுவை வடத்துக்குக் கோயம்புத்தூரில் எங்கும் அலைய வேண்டாம். மோட்டார் ரீவைண்டிங் கடையில் மீந்த செம்புக் கம்பி கேட்டால் கொடுப்பார்கள். மூன்று இழையைச் சேர்த்து முறுக்கினால் 1/35-க்கு அசல் வடம் தோற்றுப்போகும். 1/72-க்கு அந்தக் கம்பி தடிமன்.

மண் பூசுவதில் கவனம் வேண்டும். நம் ஊர்ச் செம்மண்ணை அப்படியே ஒட்ட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் மேற்கு எல்லையில் அப்புச்சி பார்த்தது வெளிர் புழுதி. நிறம் ஒருபுறம் இருக்க, அரை மி.மீ. மணல் 1/35-இல் ஒன்றே முக்கால் செ.மீ. கல்லுக்குச் சமம், 1/72-இல் மூன்றரை செ.மீ. ஜல்லி. வேட்டித் துணியில் சலித்த மண் பெரியதுக்குப் போதும். சின்னதுக்கு மண்ணே வேண்டாம், வண்ணப் பொடியைத் தூரிகையால் தொட்டுத் தடவினால் சரி.

அப்படியானால் 1/72 எதற்கு? கூட்டத்துக்கு. ஒரு பெரிய டாங்கி நிற்கும் அலமாரித் தட்டில் மூன்று சின்ன டாங்கி, ஒரு ஜீப், ஒரு துண்டு வயல் என்று ஒரு காட்சியே வைக்கலாம். கை பழகிய பிறகு அதற்கு வாருங்கள்.

பெரியது இப்போது காங்கேயம் வீட்டு டிவி மேசையில் இருக்கிறது. டிரைவர் மூடியை மூடி ஒட்டியிருந்தேன். முன்பக்கம் இடதுபுறம் விரலை வைத்து, "இதத் தொறந்து வையி சாமி, இங்கீதான் தலைய நீட்டிட்டு ஓட்டுவேன்" என்றார். கத்தி முனையால் நெம்பித் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.