புது ஆம்ப்ளிபயரா, புது இயர்பேடா?

வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கச்சேரி கேட்பவர்களுக்குச் சில ஆண்டுகளில் ஒரு நமைச்சல் வந்துவிடுகிறது: இன்னும் கொஞ்சம் செலவழித்தால் இன்னும் நன்றாகக் கேட்குமோ? எனக்கும் வந்தது. என்னிடம் இருப்பது காதுக்கிண்ணத்தின் வெளிப்புறம் அடைத்த மூடிய வகை, 38 ஓம் மின்தடை கொண்ட ஹெட்போன். லேப்டாப்பில் நேராகச் செருகிக் கேட்பேன். மேசையில் வைக்கும் டி.ஏ.சி.யும் (டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் கருவி) அதைப் பெருக்கும் ஆம்ப்ளிபயரும் வாங்கலாம். கிண்ணத்தின் வெளிப்புறம் காற்றுப் புகும்படி இருக்கும் திறந்த வகை ஹெட்போனுக்கு மாறலாம். அல்லது இருப்பதற்கே புது இயர்பேட் (காதைச் சுற்றி உட்காரும் பஞ்சு வளையம்) போட்டு, அடிநாதம், உச்சநாதம் என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைச் சரிசெய்துகொள்ளலாம். நான் கடைசி வழிக்குப் போனேன். சேலத்து வெயிலில் வாழ்கிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

ஆம்ப்ளிபயரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 38 ஓம் ஹெட்போனைச் சாதாரண லேப்டாப்பே தாராளமாக ஓட்டும். டி.ஏ.சி. வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் சிறிய யு.எஸ்.பி. அடாப்டர் போதும். சி.டி.யின் 16 பிட் ஒலிக்கு, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சு உண்டு. மின்விசிறி சுழலும் அறையில் அதன் அடிப்பகுதி காதுக்கு எட்டவே எட்டாது. பிறகு அதைவிட அகன்ற வீச்சுள்ள 24 பிட்டுக்கு ஏன் பணம்? கடையில் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒலி அளவு இரண்டிலும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டெசிபல் கூடினாலும் காது அதைத் ‘தெளிவு’ என்று எடுத்துக்கொள்ளும்.

திறந்த வகையில் எனக்கு ஆசை காட்டியது சென்ஹைசர் எச்.டி. 600. 1997இல் வந்த மாதிரி, இன்னும் விற்பனையில் இருக்கிறது. இயர்பேட், கேபிள், தலைப்பட்டைப் பஞ்சு எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் 300 ஓம் என்பதால் மின்னழுத்தம் கூடுதலாக வேண்டும். ஆம்ப்ளிபயர் செலவு மறுபடி வாசலில் வந்து நிற்கும். அதைவிடப் பெரிய தடை, திறந்த வகை வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்பது. சித்திரை மாதம் சேலத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்க யாரால் முடியும்? கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறிக்கு அருகில் குடியிருப்பவர் அந்த ஹெட்போனை வாங்கினால், தறியின் தாளத்தையும் சேர்த்தே கேட்பார்.

இனி இயர்பேட். மூடிய ஹெட்போனின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. மேலே இருக்கும் ரெக்சின் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது தானாகவே சிதையும். வியர்வையும் தேங்காய் எண்ணெயும் வேலையை விரைவுபடுத்தும். கறுப்புத் துகள்கள் காதில் ஒட்டுவதைப் பார்த்ததும்தான் பலர் கவனிக்கிறார்கள். அதற்கு முன்பே உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி, காதைச் சுற்றிய அடைப்பு விட்டுப்போயிருக்கும். மூடிய வகையில் அடிநாதம் அந்த அடைப்பை நம்பியே நிற்கிறது. இடுக்கு விழுந்ததும் முதலில் காணாமல் போவது மிருதங்கத்தின் அடிநாத முகமான தொப்பி. அதில் குழைந்து எழும் கும்கி வெறும் தட்டலாகிவிடும். மறுமுகமான வலந்தலை மட்டும் துள்ளும். இந்த நிலையில்தான் ‘ஆம்ப்ளிபயர் வாங்கினால் சரியாகிவிடும்’ என்ற எண்ணம் வருகிறது. ஆம்ப்ளிபயர் சத்தத்தைக் கூட்டுமே தவிர இடுக்கை அடைக்காது. மூக்குக்கண்ணாடியின் காம்பும் இதே கெடுதலைச் செய்யும். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மாற்றும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பேடின் தடிமன் மாறினால் காதுக்கும் ஒலிப்பானுக்கும் உள்ள தூரம் மாறும், ஒலியும் மாறும். வெல்வெட் பேட் வெயிலுக்கு இதமாக இருக்கும், ஆனால் காற்றை விடுவதால் மூடிய வகையில் அடிநாதம் குறையும். தயாரிப்பாளரின் அசல் பேட் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள். வண்டி சீட் உறை தைப்பவரிடம் கொடுத்தால் மலிவாக முடியும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். சீட் ரெக்சின் தடித்தது; காதைச் சுற்றிப் படிந்து உட்காராது. புது பேட் வந்த பிறகு, கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வைப்பது நல்லது. ஸ்பிரிட், சானிடைசர் பக்கம் போகவே வேண்டாம்.

ஈக்வலைசரைத் தொடுவது அதற்குப் பிறகுதான். விண்டோஸில் ‘ஈக்வலைசர் ஏ.பி.ஓ.’ இலவசம். அதில் அடிநாதம் போன்ற ஏதாவது ஒரு ஒலிப்பகுதியை 5 டெசிபல் ஏற்றினால் மொத்த அளவை அதே 5 டெசிபல் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உச்ச இடங்களில் ஒலி உடையும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் விசிறி தேவைப்படாத இரவுகள் நிறைய. அங்கே திறந்த வகை தன் விலைக்கு நியாயம் செய்யும். ஆனால் நான் அங்கே கேட்டது விருந்தாளியாகத்தான். மூடுபனி மாதங்களில் ஈரம் பஞ்சை என்ன செய்கிறது என்பதில், மலையிலேயே வீடு வைத்திருப்பவர் சொல்வதற்கு என் பேச்சைவிட எடை அதிகம். அவரிடம் கேட்டுவிட்டு எச்.டி. 600 வாங்குங்கள், ஆம்ப்ளிபயருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.