ஹாலோவீன் வாசலில் எதைக் கொடுப்பது: சாக்லேட்டா, டம் டம்ஸா, ஸ்மார்ட்டீஸா, ஒளி வளையமா?

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடமிட்டு, வீடு வீடாக வந்து இனிப்புக் கேட்பார்கள். மாலை ஆறு மணிக்கெல்லாம் எங்கள் நியூஜெர்சி தெருவில் முதல் அழைப்புமணி அடித்துவிடும். எட்டரைக்குள் 120 பிள்ளைகளாவது வந்து போவார்கள். தலைக்கு அரை டாலர் என்றால்கூட 60 டாலர் ஆகும். நான் ஒதுக்குவது 25 டாலர். அதற்குள் முடிய வேண்டும்; அதே நேரம், வந்த பிள்ளை எதுவும் வெறுங்கையோடு படி இறங்கக் கூடாது. இந்த இரண்டு தராசிலும் நிறுத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

முதலில் சாக்லேட். வேர்க்கடலை சேர்ந்த ஸ்னிக்கர்ஸ், ரீசஸ், அவற்றோடு கிட்கேட் எல்லாம் குட்டி அளவில் கலந்து வரும் பெரிய பை. பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். கிண்ணத்துக்குள் நுழையும் கை ரீசஸைத்தான் துழாவும். ஆனால் 2024-ல் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் கோகோ விளைச்சல் படுத்து, உலகச் சந்தையில் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அந்தச் சூடு எங்கள் ஊர்க் கடை அலமாரி வரை வந்து சேர்ந்தது. போன வருடம் நான் வாங்கிய பையில் ஒன்று 18 சென்ட் விழுந்தது. பையின் எடையைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே எத்தனை இருக்கிறது என்று பார்த்து, விலையை அதனால் வகுத்துப் பாருங்கள்.

விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மனத்தை மாற்றியது வேறு. போன வருடம் தேனீ வேடமிட்ட ஐந்து வயதுச் சிறுமி வந்தாள். கம்பியில் ஆடும் இரண்டு கொம்புகள், மஞ்சள் கறுப்புப் பட்டைச் சட்டை. கிண்ணத்தை நீட்டினேன். அவள் கை நீட்டாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “இவளுக்கு வேர்க்கடலை ஆகாது, வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று அந்த அம்மா கேட்டபோது, என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை. கிட்கேட்டில் கடலை இல்லையே என்றேன். மற்றவற்றோடு ஒரே பையில் கிடந்ததை அவர் எப்படி நம்புவார்? நன்றி சொல்லிவிட்டுக் குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அமெரிக்காவில் ஏறத்தாழ 13 பிள்ளைகளில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை உண்டு என்கிறார்கள். அப்படியானால் என் வாசலுக்கு வரும் 120 பேரில் ஒன்பது பேர்.

இந்த இடத்தில்தான் டம் டம்ஸ் முந்துகிறது. ஒஹாயோவின் பிரையன் என்ற சிற்றூரில் ஸ்பாங்லர் நிறுவனம் செய்யும் சிறிய குச்சி மிட்டாய். வேர்க்கடலை, பால், கோதுமை எதுவும் கிடையாது. 300 அடங்கிய பையை 14 டாலருக்கு வாங்கினேன். ஒன்று ஐந்து சென்ட்கூட ஆகவில்லை. கேள்விக்குறி போட்ட உறையைத்தான் பிள்ளைகள் தேடி எடுப்பார்கள். ஒரு சுவைப் பாகு முடிந்து அடுத்தது தொடங்கும்போது இரண்டும் கலந்து வருவதை வீணாக்காமல் அந்த உறையில் சுற்றுகிறார்கள். அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி. குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடினால் ஆபத்து என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மாத்திரை போன்ற சர்க்கரை மிட்டாயான ஸ்மார்ட்டீஸும் ஏறக்குறைய இதே விலைதான். எங்கள் நியூஜெர்சியிலேயே யூனியன் என்ற ஊரில் தயாராகிறது. 1949-ல் தொடங்கிய நிறுவனம். இதிலும் ஒவ்வாமைத் தொல்லை இல்லை. ஆனால் பெரிய பிள்ளைகள் இதைக் கண்டதும் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. கனடாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே இதே மிட்டாய்க்கு ராக்கெட்ஸ் என்று பெயர். ஸ்மார்ட்டீஸ் என்று கேட்டால் நெஸ்லேயின் பால் சாக்லேட் கிடைக்கும். டொராண்டோவில் இருக்கும் என் அக்காவிடம் பெயரை மட்டும் சொல்லி வாங்கச் சொல்லியிருந்தால் வம்பாகியிருக்கும்.

மெல்லும் பழச்சுவை மிட்டாயான ஸ்டார்பர்ஸ்ட்டை நான் வாங்குவதில்லை. அதில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. எங்கள் தெருவில் சைவ வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் நிறைய. பிரெட்ஸல் என்ற உப்புப் பிஸ்கட் பொட்டலம் இடத்தை அடைக்கும், விலையும் கூடுதல். பென்சில் வேண்டவே வேண்டாம்.

வீட்டுப் பலகாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, கைமுறுக்கையே கொடுக்கலாமே என்று ஆசையாகக் கேட்டார். மனம் வலித்தாலும் வேண்டாம் என்றேன். கடை உறை இல்லாத எதையும் பெற்றோர் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1974-ல் டெக்சாஸில் ஒரு தந்தை ஹாலோவீன் இனிப்பில் சயனைடு கலந்து தன் மகனையே கொன்றான். அந்த அச்சம் இன்றும் இந்த நாட்டில் போகவில்லை.

ஒளி வளையத்துக்கு வருகிறேன். 100 வளையங்கள் 10 டாலர், அதாவது ஒன்று 10 சென்ட். சாக்லேட்டை விட மலிவு, யாருக்கும் ஒவ்வாமை பயம் இல்லை. வளைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாய் ‘டக்’கென்று உடைந்து, இரண்டு திரவங்கள் கலந்து ஒளிரும். வாசலிலேயே வளைத்துக் கையில் மாட்டிவிட்டால், இருட்டில் சாலையைக் கடக்கும் பிள்ளை வண்டி ஓட்டுபவர்கள் கண்ணில் படும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். கடித்து உடைத்தால் அந்தத் திரவம் வாயை எரிக்கும்.

எனவே இந்த வருடம் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் டம் டம்ஸ், இன்னொன்றில் வளையங்கள்; மொத்தம் 24 டாலர். இரண்டு மிட்டாயோ ஒரு வளையமோ, பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும். டம் டம்ஸ் வந்த பையைக் கதவருகிலேயே வைத்திருப்பேன், ஏனென்றால் சேர்மானப் பட்டியல் அதில்தான் தெளிவாக இருக்கும். உண்ணாத பொருளும் இங்கே உண்டு என்பதற்கு அடையாளமாக வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைக்கும் வழக்கத்தை 2014-லிருந்து நாடெங்கும் பரப்பி வருகிறார்கள். நேற்று நானும் ஒரு பூசணிக்கு அந்த வண்ணம் அடித்தேன். தேனீச் சிறுமியின் அம்மா தெருமுனையிலிருந்தே பார்க்கும்படி, மேல் படியில் காய வைத்திருக்கிறேன்.