கேரவன் வாடகைக்கு எடுக்கும் முன் முழு நீளத்தைக் கேளுங்கள்

லூயிஸ் தீவுக்குக் கேரவனில், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் படுக்கை வண்டியில், போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில் இருக்கும் தீவு அது. உல்லாபூல் துறையிலிருந்து ஸ்டோர்னவே வரை ஃபெர்ரியில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். தெற்கு இங்கிலாந்திலிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பினால் உல்லாபூலுக்கே மூன்று நாள் ஆகும். நாங்கள் பென்ரித்தில் ஓர் இரவு, பிட்லாக்ரியில் ஓர் இரவு என்று வைத்திருந்தோம்.

வைத்திருந்தோம் என்றால், நாங்கள் வைக்கவில்லை. கேரவன் வாடகை, வழியில் தங்குமிடம், ஃபெர்ரி டிக்கெட் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஒருவரிடம் விட்டோம். பேச்சு அவ்வளவு இதம். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் போட்டால் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்றார். போட்டேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவைக் காட்டி கார்டு நிறுவனத்திடமே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். தள்ளுபடி எதற்கு என்பது இப்போது புரிகிறது.

பென்ரித்தில் எங்கள் பெயர் பதிவேட்டில் இருந்தது, ஆனால் முன்பணம் வராததால் ரத்தாகியிருந்தது. எங்கள் நல்ல நேரம், ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. சரி, ஏதோ குழப்பம் என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் பெர்த் தாண்டி ஏ9 சாலையில் கேரவனின் இடப்பக்க டயர் வெடித்தது. கேரவன் இழுக்கும் காருக்கு அங்கே 50 மைல்தான் உச்சவேகம், நாங்கள் அதற்கும் கீழேதான் போனோம். டயர் மாற்ற வந்தவர் குனிந்து, பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தை விரலால் துடைத்துக் காட்டினார்: 0815. 2015-இன் எட்டாவது வாரத்தில் செய்த டயர். நாங்கள் போனது 2024 ஜூலை. கேரவன் பெரும்பாலும் நின்றே கிடப்பதால் டயரின் பூ தேயாது, ரப்பர்தான் கெட்டுப்போகும். பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். மற்ற டயரிலும் அதே எண். இரண்டையும் என் செலவில் மாற்றினேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உல்லாபூலில் வரிசையில் நின்றபோது மஞ்சள் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் எங்கள் டிக்கெட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அளவு நாடாவை எடுத்துவந்தார். டிக்கெட்டில் கேரவன் 5.6 மீட்டர். நாடாவில் 7.1. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டமும் காரில் மாட்டும் கொக்கியும் கணக்கில் வரவே இல்லை. ஃபெர்ரியில் கட்டணமும் இடமும் முழு நீளத்துக்குத்தான். உள்ளே படுக்கையும் அடுப்பும் இருக்கும் பெட்டியின் நீளத்தை மட்டும் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார் நம் ஆள். கூடுதல் பணம் தரத் தயாராக இருந்தோம், ஆனால் ஜூலை மாதக் கூட்டத்தில் அந்த ஒன்றரை மீட்டருக்குக் கப்பலில் இடமில்லை. அந்த ஊழியர்மேல் தப்பே இல்லை, மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அங்கிருந்தே ஏற்பாடு செய்தவருக்குப் போன் செய்தேன். "நீளம்னா உள்ள இருக்கிற நீளம்தானே மேடம்?" என்றார். அதற்கு அப்புறம் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் இடம் கிடைத்தது. ஐந்து நாள் திட்டத்தில் தீவில் இருந்தது இரண்டு நாள். கலானிஷில் நட்டு நிற்கும் பழங்காலக் கற்களை மழையில் அரைமணி நேரம் பார்த்தோம், மற்றதெல்லாம் போச்சு. டயர் பில்லையும் ஃபெர்ரி ரசீதையும் அனுப்பி நான்கு மின்னஞ்சல் போட்டேன். ஒரு பைசா வரவில்லை.

போன வாரம் அவருடைய விளம்பரத்தைப் பார்த்தேன். அதே கேரவன், அதே 5.6 மீட்டர். "புதிய டயர்கள்" என்று மட்டும் கூடுதலாகப் போட்டிருக்கிறார். நான் வாங்கிப் போட்டவை.