கரவன் பெட்டி இழுக்க வாங்கின பழைய மிற்சுபிசி மொண்டெரோ ஜீப்: ஒண்டரை வருசம் ஓடினாப் பிறகு

எங்கட ஊரில நாலு சில்லும் கொஞ்சம் உயரமா இருந்தா எல்லாம் ஜீப்தான். அந்த நினைப்போடதான் நானும் வாகனம் தேட வெளிக்கிட்டனான். விசயம் என்னெண்டால் யாழ்ப்பாணம் கொக்குவிலில ஒரு வெல்டிங் பாஸிட்டச் சொல்லி, வாகனத்துக்குப் பின்னால கொழுவி இழுத்து, படுத்தெழும்பிப் போற மாதிரி சில்லு வைச்ச ஒரு கரவன் பெட்டி செய்விச்சன். ரெண்டு பேர் படுக்கலாம், பிள்ளையளுக்கு மேல ஒரு தட்டு, ஒரு காஸ் அடுப்பு, 100 லீற்றர் தண்ணித் தாங்கி. பெட்டி வந்திட்டுது, இழுக்க வாகனமில்லை. வீட்டில நிண்டது ஹொண்டா வெசல் எண்ட ஒரு ஹைபிரிட் கார், அதில கொழுவலாமோ எண்டு கேக்க பாஸ் சிரிச்சுப்போட்டு தேத்தண்ணி குடிக்கப் போட்டார்.

வாகனம் பாக்க முதல் செய்த ஒரே புத்தியான வேலை பெட்டியை நிறுத்ததுதான். பழைய இரும்பு எடுக்கிற இடத்தில பெரிய தராசு இருக்கு, வெறுமையா ஏத்தினா 820 கிலோ. பிறகு தண்ணி, காஸ், சட்டி பானை, பாய் தலகணி, அம்மான்ர அரிசிமாப் பேணி வரைக்கும் ஏத்திக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தா 1,140. 320 கிலோ எங்கயிருந்து வந்ததெண்டு இப்பவும் மனிசி நம்பமாட்டா. வெறும் நிறையை வைச்சு வாகனம் தேடினா முதல் நாளே பிழைச்சுப் போகும்.

ரொறன்ரோவில இருக்கிற அத்தான் வட்ஸப்பில ஒரே வகுப்பு. அங்க ஹொண்டா பைலட் ஜீப் எண்டால், எஞ்சின் நாலு சில்லையும் சுத்துற மொடல் 5,000 இறாத்தல் இழுக்கலாம், ரெண்டு சில்லை மட்டும் சுத்துறது 3,500 எண்டு கணக்காம். எங்களுக்கு இறாத்தல் எண்டா பாண், நான் இருந்து 2.2 ஆல பிரிச்சுப் பாத்தன். ஆனா அவர் சொன்ன ஒரு விசயம் பெறுமதி: பெட்டியின்ர மூக்கு, அதாவது முன் நுனி, வாகனத்தின்ர பின்னால இருக்கிற கொழுக்கியில அழுத்துற பாரம் மொத்த நிறையில பத்தில ஒரு பங்கு வரவேணும், அந்தப் பாரம் வாகனத்துக்குள்ள இருக்கிற ஆக்களோட சேத்துத்தான் கணக்கு. எங்களுக்கு அது 115 கிலோ, அதாவது மாமியையும் அவவின்ர பெட்டியையும் டிக்கியில இருத்தின மாதிரி. நாங்கள் ஏற்கனவே ஆறு பேர்.

மிற்சுபிசி அவுட்லாண்டர் பிளக்-இன் (கரண்டில சார்ஜ் போடுற ஹைபிரிட்) பாத்தன். நல்ல வாகனம், சத்தமில்லை, பிரேக் உள்ள பெட்டியெண்டால் 1,500 கிலோ வரைக்கும் இழுக்கலாம் எண்டு வெளிநாட்டுப் புத்தகத்தில இருக்கு, ஆனா அஞ்சு சீற்தான், ஆறாவது ஆள் ரோட்டில. நிசான் எக்ஸ்-ட்ரெயில் சிவிடி எண்ட பல்லுச்சில்லில்லாத ஓட்டோ கியர், பாரத்தோட ஏத்தம் ஏறினா சூடாகிற சாமான் எண்டு ரெண்டு கராஜில சொல்லிச்சினம், விட்டிட்டன். டொயோட்டா பிராடோ ஆசைதான். பட்ஜெட்டுக்குள்ள ஒண்டே ஒண்டு வந்தது, "டொக்டர் ஓடினது அண்ணை, கொழுக்கி சும்மா வடிவுக்குப் பூட்டினது" எண்டான் புரோக்கர். கீழ படுத்துப் பாத்தா கொழுக்கிக் குண்டு ஒருபக்கம் தேஞ்சு மினுங்குது, பின் அச்சுக்கு மேல சேசிஸ் முழுக்க உப்புத் துரு, விரலால தட்ட அப்பளம் மாதிரிக் கொட்டுது. டொக்டர் கடலுக்குள்ள கிளினிக் நடத்தினவரோ தெரியாது. கடலில போட் இறக்கின வாகனம், ஒவ்வொரு நாளும் பின்பக்கம் உப்புத் தண்ணிக்குள்ள நிண்டிருக்கு. யாழ்ப்பாணத்தில கொழுக்கி பூட்டின வாகனம் பாக்கப் போறவை கட்டாயம் பாய் ஒண்டு கொண்டுபோய் விரிச்சுக் கீழ படுங்கோ.

கடைசியா வாங்கினது 2008 மொண்டெரோ, 3.2 டீசல், அஞ்சு கியர் ஓட்டோ, ஏழு சீற். இதுதான் 2006 இல வந்த நாலாவது தலைமுறை. அவுஸ்ரேலியாவில இந்தத் தலைமுறைக்கு 3,000 கிலோ வரைக்கும் இழுவை எண்டு போட்டிருக்கிறாங்கள், ஆனா 2,500 தாண்டினா கொழுக்கிப் பாரம் 250 இல இருந்து 180 கிலோவுக்கு இறங்கும். எங்கட 1,140 க்கு இதெல்லாம் தாராளம் எண்டுதான் நினைச்சன்.

பேய்க்காட்டினது வாகனமில்லை, எங்கட ஊர்தான். குடாநாட்டில எங்க ஏத்தம் இருக்கு? பாலத்தை விட்டா ஒண்டுமில்லை. யாழ்ப்பாணத்தில டெஸ்ட் ஓட்டம், ஆனையிறவு வரைக்கும் போய் வந்தது, எல்லாம் தேன் மாதிரி. ஏ9 வீதியில பெட்டியோட தம்புள்ள வரைக்கும் கூட ஒரு குறையும் சொல்ல ஏலாது, மணிக்கு 70 இல பாட்டுக்குப் போகும், பின்னுக்கு பெட்டி இருக்கிறதே மறந்துபோகும், முறிகண்டியில தேங்காய் உடைச்சு கச்சான் வாங்கேக்க சில்லுக் குடத்தில கைவைச்சுப் பாத்தன், வெதுவெதுப்புத்தான். மாத்தளை தாண்ட கொஞ்சம் கொஞ்சமா முனகத் தொடங்கினது, கம்பளை தாண்டி றம்பொடை வளைவுகள் வர டாஷில கியர் எண்ணெய்ச் சூட்டு லைட் பத்தீட்டுது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில, நாங்கள் கடல் மட்டத்தில இருந்து வந்த சனம். ஓரமா நிப்பாட்டி, எஞ்சினை நிப்பாட்டாமல் நியூட்ரலில விட்டு, அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட நிண்டம். லைட் அணைஞ்சாப் பிறகு கையால மூண்டாம் கியரில பிடிச்சு மெல்ல ஏறினது. கியரை வாகனமே மாத்துற டி இல விட்டா நாலுக்கும் மூண்டுக்கும் மாறி மாறிக் குதிச்சே சூடாகுது எண்டது அண்டைக்குத்தான் விளங்கினது. இறங்கேக்கயும் உதே மாதிரி கியரைப் பிடிச்சுத்தான், பிரேக்கை மிதிச்சுக்கொண்டே வந்தா அடிவாரத்துக்கு முதல் மணம் வரும்.

வந்த கையோட கியர் எண்ணெய்க்கு தனிக் கூலர் ஒண்டு ரேடியேட்டருக்கு முன்னால பூட்டினன், எண்ணெயும் மாத்தினன். வாங்கேக்கயே ஒரு துளியை வெள்ளைத் துணியில விட்டுப் பாத்திருந்தா கறுப்பும் கருகல் மணமும் தெரிஞ்சிருக்கும், நான் சீற் துணியைத் தடவிப் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு றம்பொடை ரெண்டு தரம் ஏறியாச்சு, லைட் வரேல்ல.

இன்னொரு பயம் சங்குப்பிட்டிப் பாலத்தில. சோழகக் காத்து பக்கவாட்டில அடிக்க பெட்டி வால் ஆட்டத் தொடங்கிச்சுது, நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சபடி காலை மட்டும் எடுத்தன், தானா அடங்கினது. அதில மொண்டெரோவில பிழையில்லை. பாஸ் தண்ணித் தாங்கியை அச்சுக்குப் பின்னால வைச்சவர், 100 கிலோ வாலில. ஆள் நிறுக்கிற மெஷினை மூக்குக்குக் கீழ வைச்சுப் பாத்தா 45 கிலோதான் காட்டினது. தாங்கியை அச்சுக்கு முன்னால கொண்டுவர 115 வந்தது, ஆட்டம் நிண்டிட்டுது. பெட்டிக்கு பிரேக்கும் பிறகுதான் போட்டது, வெளிநாடுகளில 750 கிலோ தாண்டினா பிரேக் கட்டாயம் எண்டு ஏன் சொல்லுறாங்கள் எண்டு இரவில கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாடு குறுக்க வர விளங்கினது.

வாகனத்தின்ர குறைகள்: காலமை முதல் ஸ்டார்ட்டில கச்சான் வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டா டைமிங் செயின், விட்டுவைக்கக் கூடாது. வாகனம் நிக்கேக்க எஞ்சின் சுத்துற வேகம் (ஆர்பிஎம்) ஏறி இறங்கினா டீசல் பம்பில இருக்கிற சக்ஷன் வால்வு, எனக்கு ஆறாம் மாசமே போய், வாகனச் சாமான் விக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பஸ்ஸில வரவழைச்சன். எஞ்சினுக்குக் காத்துப் போற இன்டேக் குழாயைக் கழட்டினா உள்ளுக்குத் தார் ஊத்தின மாதிரிக் கரி. டீசல் செலவு எண்டா, பெட்டியில்லாமல் ஏ9 இல லீற்றருக்கு 10 கிலோமீற்றர், பெட்டியோட ஆறரை, மலையில கேக்கவேண்டாம். கஸ்தூரியார் வீதியில பார்க்கிங் தேடினா அழுகை வரும், மூண்டாவது வரிசையில பெரியாக்கள் இருந்தா முழங்கால் நாடிக்கு வரும். திரும்பவும் வாங்குவியோ எண்டா வாங்குவன், கூலருக்கும் வால்வுக்கும் காசைக் கழிச்சு விலை பேசித்தான் வாங்குவன்.

தீராத பிரச்சினை ஒண்டு, பின் கதவு. ஸ்பெயார் ரயரோட பக்கவாட்டில திறக்கிற கதவு, பெட்டியைக் கொழுவினா மூக்கில நிக்கிற ஜாக்கில இடிச்சு நாலு விரலுக்கு மேல திறக்காது. முதல் பயணத்தில வவுனியாவில அம்மா தேத்தண்ணிப் பிளாஸ்க் கேக்க, அது டிக்கியில, கழட்டிக் கொழுவ இருபது நிமிசம். இப்ப பிளாஸ்க்கும் பிஸ்கற்றும் அம்மான்ர மடியிலதான் போகுது.