தலையணை உறையைத் தின்னும் பரு ஜெல்

மண்டைக்குள் அழுத்தம் கூடும் நோய் உள்ள நண்பர் ஒருவர், "ஜெல் போட்டு அலுத்துவிட்டது, மாத்திரைக்கு மாறிவிடட்டுமா?" என்று கேட்டார். அவர் சொல்வது முகப்பருவுக்குப் போடும், அடாபலீன் 0.1%, பென்சாயில் பெராக்சைடு 2.5% சேர்ந்த ஜெல். நானும் நெடுநாளாக அதைத்தான் போடுகிறேன்.

அலுப்பு நியாயமானதுதான். பெராக்சைடு துணியின் சாயத்தையே எடுத்துவிடும். தலையணை உறை, துண்டு, சட்டைக் காலர் எல்லாம் திட்டுத்திட்டாக வெளுக்கும். துவைத்தாலும் நிறம் திரும்பாது. ஜெல் காய்ந்துவிட்டது என்று நம்பிப் படுத்தால் வியர்வை காட்டிக்கொடுக்கும். வெள்ளை உறை போட்டுக்கொள்வதுதான் வழி. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வேறு. பட்டாணி அளவு எடுத்து, கழுவி நன்றாக உலர்ந்த முகம் முழுக்கத் தடவ வேண்டும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண், அடுத்தது இன்னும் கண்ணில் படாத துளையில் கிளம்பிக்கொண்டிருக்கும். தோல் உரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம்.

ஆனாலும் இதன் அருமை, மிகச் சொற்பமாகவே ரத்தத்தில் கலப்பது. மாத்திரைகள் அப்படியில்லை. பருவுக்குத் தரும் ஆன்டிபயாடிக்குகளான டாக்சிசைக்ளின், மினோசைக்ளின், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினோயின் மூன்றுமே மண்டை அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை. முதல் இரண்டில் எதையும் ஐசோட்ரெட்டினோயினோடு சேர்த்து எடுக்கவே கூடாது. ஐசோட்ரெட்டினோயின் எடுக்கும்போது வைட்டமின் ஏ மாத்திரையும் வேண்டாம். ஏற்கெனவே தலைவலியோடு வாழ்பவருக்கு எது பழைய வலி, எது மருந்து தந்த வலி என்று பிரிப்பதே சிக்கல். படுத்தால், குனிந்தால் கூடும் வலி, சில நொடி பார்வை மங்குவது, இரட்டையாகத் தெரிவது, காதில் நாடியோடு சேர்ந்து இரையும் சத்தம்: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரை அழைத்து, மாத்திரையை நிறுத்துவது பற்றிக் கேட்டு, கண்ணின் உட்புறத்தைப் பரிசோதிக்க வேண்டும். வலியே இல்லாமலும் பார்வை நரம்பு வீங்கலாம்.

வலிப்பு நோய்க்காரர்களுக்குச் சிக்கல் வேறு. வலிப்பு மருந்துகளான கார்பமசெபினும் ஃபெனிடோயினும் டாக்சிசைக்ளினை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். பருவுக்கு எரித்ரோமைசின் மாத்திரை கொடுத்தால் கார்பமசெபின் அளவு ஏறி, தலைசுற்றி நடை தள்ளாடும். தோல் மருத்துவர் கேட்காவிட்டாலும் மருந்துப் பட்டியல் முழுவதையும் நீங்களே நீட்டுங்கள்.

நண்பருக்கு என் பதில்: நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாறாதீர்கள். ஜெல்லுக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். மீதி மூன்றும் உறைகளுக்காகக் கழித்தது.